டாக்டரிடம் அரை மணி நேரம்

(ஓசூரில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



இன்று நான் ஒரு பெரிய மருத்துவமனையைப் பற்றிப் பேசப் போவதில்லை. ஒரு சின்ன கிளினிக்கைப் பற்றிப் பேசப் போகிறேன். ஒரு அறை. ஒரு மேசை, இரண்டு நாற்காலி. ஒரு பிபி கருவி, ஒரு எடை மெஷின், சுகர் பார்க்க ஒரு சிறு கருவி. ஒரு டாக்டர், ஒரு நர்ஸ். படுக்கை கிடையாது. ஸ்கேன் கிடையாது. இன்சூரன்ஸ் அட்டை அங்கே செல்லாது. வருகிறவர் தன் கையிலிருந்து காசு கொடுக்க வேண்டும். சுகர், பிரஷர், உடல் பருமன், தூக்கமின்மை என்று நம் வாழ்க்கை முறையோடு ஒட்டிக்கொண்டிருக்கும் நோய்களை மட்டும் அந்த டாக்டர் பார்ப்பார். ஓர் ஆளுக்கு அரை மணி நேரம் ஒதுக்குவார்.

இப்படி ஒரு கிளினிக் நம் ஊரில் நேர்மையாக நடக்க முடியுமா? நடந்தால் யாருக்கு நன்மை? அந்த அரை மணி நேரத்துக்கு யார் காசு கொடுப்பது? இந்த மூன்று கேள்விகளோடுதான் உங்கள் முன் நிற்கிறேன்.

ஏன் ஓசூரில் நின்று இதைக் கேட்கிறேன்? 1970களில் சிப்காட் தொழிற்பேட்டை வந்தது. அசோக் லேலண்டு, டிவிஎஸ், டைட்டன் என்று ஆலைகள் எழுந்தன. இப்போது டாடா எலெக்ட்ரானிக்ஸ் ஆயிரக்கணக்கான இளம்பெண்களை வேலைக்கு எடுத்திருக்கிறது. 2019-ல் ஓசூர் மாநகராட்சி ஆனது. சூசூவாடியைத் தாண்டினால் கர்நாடகம். அத்திப்பள்ளி, பொம்மசந்திரா, எலெக்ட்ரானிக் சிட்டி என்று தினமும் எல்லை கடந்து வேலைக்குப் போய்வருகிற கூட்டம் வேறு. வேலை வந்தது, சம்பளம் வந்தது, வீட்டு வாசலில் வண்டி வந்தது. கூடவே இருபத்து நான்கு மணி நேரமும் ஓடும் இயந்திரமும், அதற்கேற்ப மூன்றாக உடைந்த நாளும் வந்தன. காலை ஆறு முதல் இரண்டு, இரண்டு முதல் இரவு பத்து, பத்து முதல் மறுநாள் காலை ஆறு. மனிதனின் உடம்பு இந்த மூன்று துண்டுகளுக்கும் வாரம் ஒருமுறை மாறி மாறிப் பழக வேண்டும் என்று நாம் எதிர்பார்க்கிறோம். அது பழகுவதில்லை, தோழர்களே.

ஓர் ஆளை நினைத்துக்கொள்ளுங்கள். வயது முப்பத்தெட்டு. மூக்கண்டப்பள்ளியில் வாடகை வீடு. ஆறு மாதத்துக்கு முன் கம்பெனி செக்கப்பில் சுகர் இருப்பது தெரிந்தது. ஒரு டாக்டரிடம் போனார். வரிசையில் நாற்பது பேர். மூன்று நிமிடத்தில் சீட்டு எழுதிக் கையில் கொடுத்துவிட்டார்கள். சீட்டில் என்ன இருக்கிறது? "கிளிமிபிரைடு, காலை உணவுக்கு முன். மெட்ஃபார்மின், காலை, இரவு."

சரி, இந்த வாரம் அவருக்கு நைட் ஷிப்ட். காலை ஆறு மணிக்கு வேலை முடிகிறது. வீட்டுக்கு வந்து, சீட்டில் எழுதியபடியே மாத்திரையைப் போடுகிறார். இரண்டு இட்லி சாப்பிடுகிறார். படுத்துவிடுகிறார். பிற்பகல் மூன்று மணி வரை தூக்கம். கிளிமிபிரைடு என்ன செய்யும்? கணையத்தைத் தூண்டி இன்சுலினைச் சுரக்க வைக்கும். உள்ளே போனது இரண்டு இட்லி. அடுத்த ஏழெட்டு மணி நேரம் வயிற்றில் ஒன்றும் விழாது. தூக்கத்திலேயே சுகர் இறங்குகிறது. வியர்க்கிறது, கை நடுங்குகிறது, தலை வலிக்கிறது. வேலை அலுப்பு என்று நினைத்துக்கொள்கிறார். இதே நிலை பிரஸ் மெஷின் முன்னால் நிற்கும்போது வந்தால்? விரல் போகும்.

அந்த டாக்டர் கெட்டவரா? மாத்திரை தவறான மாத்திரையா? இரண்டும் இல்லை. ஒரே ஒரு கேள்வி கேட்கப்படவில்லை: "உங்களுக்கு எந்த ஷிப்ட்?" அதைக் கேட்டிருந்தால், "ஷிப்டில் என்ன சாப்பிடுவீங்க, எப்போ தூங்குவீங்க?" என்று அடுத்த கேள்வி வந்திருக்கும். அவருக்கு வேறு மாத்திரையோ வேறு நேரமோ எழுதப்பட்டிருக்கும். (இதைக் கேட்டுவிட்டு யாரும் நாளைக் காலை தானாக மாத்திரையை நிறுத்திவிடக் கூடாது. டாக்டரிடம் போய் ஷிப்டைச் சொல்லுங்கள்.) அந்தக் கேள்விகளுக்கு நேரம் வேண்டும். யார் தருவது அந்த நேரத்தை?

இரவு இரண்டு மணிக்கு கேன்டீனுக்குப் போவோம். கண் சொக்குகிறது, டீ வேண்டும். ஒரு கிளாஸில் இரண்டு ஸ்பூன் சர்க்கரை என்றால் பத்து கிராம். ஒரு ஷிப்டில் நான்கு டீ, நாற்பது கிராம். ஒரு நாள் முழுவதற்கும் இருபத்தைந்து கிராமுக்குள் இருந்தால் நல்லது, ஐம்பதைத் தாண்டவே கூடாது என்பது உலக சுகாதார நிறுவனத்தின் அளவு. நம் தோழர் பிஸ்கட்டைத் தொடுவதற்கு முன்பே எங்கே நிற்கிறார் பாருங்கள். அவருக்கு "ஸ்வீட் குறைங்க" என்று சொன்னால், "நான் ஸ்வீட்டே சாப்பிடறதில்லை சார்" என்பார். பொய் சொல்லவில்லை. டீயை அவர் ஸ்வீட் கணக்கில் சேர்க்கவில்லை. நான்கு டீயைத் தோண்டி எடுக்க உட்கார்ந்து பேச வேண்டும். யார் தருவது அந்த நேரத்தை?

இன்னொரு உதாரணம் சொல்கிறேன். இது நம் மண்ணுக்கே உரியது. தமிழ்நாட்டில் கேழ்வரகு அதிகம் விளையும் மாவட்டம் நம் கிருஷ்ணகிரி. தமிழ் வீட்டில் களி, கன்னட வீட்டில் முத்தே, தெலுங்கு வீட்டில் சங்கட்டி. மூன்று வீட்டிலும் ஒரே நம்பிக்கை: ராகி சாப்பிட்டால் சுகர் ஏறாது. கேழ்வரகு அருமையான தானியம்தான். சுண்ணாம்புச் சத்து நூறு கிராமில் முந்நூறு மில்லிகிராமுக்கு மேல். அரிசி பக்கத்தில் வர முடியாது. நார்ச்சத்தும் உண்டு. ஆனால் மாவுச்சத்து? நூறு கிராம் கேழ்வரகு மாவில் ஏறக்குறைய எழுபது கிராம். அரிசியில் எழுபத்தெட்டு. வித்தியாசம் அவ்வளவுதான். இரண்டு பெரிய உருண்டை களியை விழுங்கிவிட்டு, "ராகிதானே சாப்பிட்டேன், சுகர் எப்படி ஏறிச்சு?" என்று ஒருவர் கேட்டால், அவரைத் திட்டக் கூடாது. உருண்டையின் அளவைக் கையால் காட்டி, பாதியாக்கச் சொல்லி, மீதி இடத்தில் கீரையும் அவரைக்காயும் கொள்ளும் வைக்கச் சொல்ல வேண்டும். ஓட்ஸும் ஆலிவ் எண்ணெயும் அச்சடித்த ஆங்கிலத் தாளை அவர் கையில் கொடுத்து அனுப்புவது மருத்துவம் ஆகாது. மாம்பழக் காலம் வந்தால் இந்த மாவட்டத்தில் பழம் சாப்பிடாதே என்று சொல்லவும் முடியாது. எவ்வளவு, எப்போது, எதற்குப் பதிலாக என்று பேசத்தான் வேண்டும். தமிழில் பேச வேண்டும், தெலுங்கில் பேச வேண்டும், கன்னடத்தில் பேச வேண்டும், வடக்கிலிருந்து வந்த தொழிலாளியிடம் இந்தியிலும் பேச வேண்டும்.

பேச்சால் நோய் குறையுமா என்று கேட்பவர்கள் இருக்கிறார்கள். நியாயமான கேள்வி. பதில் சென்னையிலேயே இருக்கிறது. டாக்டர் ஏ. ராமச்சந்திரனும் அவர் குழுவும் சுகர் வரும் விளிம்பில் இருந்த 531 பேரை மூன்று ஆண்டுகள் கவனித்து 2006-ல் முடிவை வெளியிட்டார்கள். வழக்கமான அறிவுரை மட்டும் பெற்றவர்களில் நூற்றுக்கு 55 பேருக்கு சுகர் வந்துவிட்டது. உணவும் நடையும் பற்றித் திரும்பத் திரும்பப் பேசி வழிநடத்தப்பட்டவர்களில் வந்தது நூற்றுக்கு 39 பேருக்கு. மெட்ஃபார்மின் மாத்திரை கொடுத்த குழுவிலும் ஏறக்குறைய அதே அளவு பலன்தான். மாத்திரைக்குச் சமமாக நின்றது பேச்சு!

அதே குழு அடுத்து என்ன செய்தது தெரியுமா? அதே விளிம்பில் இருந்த, வேலைக்குப் போகும் ஆண்கள் 537 பேரை எடுத்துக்கொண்டது. பாதிப் பேருக்குக் கைப்பேசியில் சின்னச் சின்னக் குறுஞ்செய்திகள்: இன்று நடந்தீர்களா, எண்ணெயைக் குறைத்தீர்களா என்பது மாதிரி. இரண்டு ஆண்டு முடிவில், செய்தி போகாதவர்களில் 27 சதவீதம் பேருக்கு சுகர். செய்தி போனவர்களில் 18 சதவீதம். 2013-ல் வெளிவந்த முடிவு இது. இதற்குப் பெரிய கட்டடம் வேண்டுமா? ஒரு நர்ஸும் ஒரு கைப்பேசியும் போதும். நான் சொல்லும் சின்ன கிளினிக்குக்கு இதைவிட நல்ல ஆதாரம் வேண்டியதில்லை.

அரசு இருக்கிறதே, எதற்குக் காசு கொடுத்துப் போக வேண்டும்? இதையும் நேராகப் பார்ப்போம். 2021 ஆகஸ்ட் 5 அன்று "மக்களைத் தேடி மருத்துவம்" திட்டத்தை முதலமைச்சர் தொடங்கி வைத்த ஊர் எது? சென்னை இல்லை, மதுரை இல்லை. நம் சூளகிரி ஒன்றியத்துச் சாமனப்பள்ளி! அங்கே தொடங்கி மாநிலம் முழுவதும் சுகர் மாத்திரையும் பிரஷர் மாத்திரையும் வீட்டு வாசலுக்கே போகின்றன. 2024-ல் ஐக்கிய நாடுகள் அமைப்பின் விருது அதற்குக் கிடைத்தது. இந்த மாவட்டத்துக்காரர்கள் தலை நிமிர்ந்து சொல்லிக்கொள்ள வேண்டிய செய்தி அது. கிருஷ்ணகிரியில் 2022 முதல் அரசு மருத்துவக் கல்லூரியும் இருக்கிறது.

ஆகவே தனியார் கிளினிக் வைக்க நினைக்கும் இளம் மருத்துவருக்கு என் முதல் சொல் இது: மாத்திரை விற்பதில் அரசோடு போட்டி போடாதீர்கள். இலவச மாத்திரை வாங்கத் தகுதி உள்ளவரை நீங்களே அங்கே அனுப்பி வையுங்கள். வெளியில் வாங்குபவருக்கு முதல்வர் மருந்தகத்தையும் மக்கள் மருந்தகத்தையும் காட்டுங்கள். மாத்திரையை அரசு தருகிறது. நேரத்தை நீங்கள் தாருங்கள். ஆரம்ப சுகாதார நிலையத்து டாக்டருக்கு அரை மணி நேரம் ஒதுக்க மனம் இல்லாமல் இல்லை. அவர் வாசலில் நிற்கும் கூட்டம் விடாது.

தொழிலாளர் காப்பீடான இ.எஸ்.ஐ. இருக்கிறது. ஆனால் 2017-ல் வைத்த வரம்பு மாதம் இருபத்தோராயிரம் ரூபாய் சம்பளம். ஓவர்டைமை விட்டுவிட்டுச் சம்பளக் கணக்குப் பார்த்து அதைத் தாண்டியவர் வெளியே. கம்பெனி தரும் குழுக் காப்பீடு? பெரும்பாலும் படுக்கையில் சேர்ந்தால்தான் காசு தரும். முதலமைச்சர் காப்பீட்டுத் திட்டமும் ஆஸ்பத்திரியில் சேர்ந்து செய்யும் சிகிச்சைக்கானது. கால் விரலை வெட்டக் காப்பீடு உண்டு; விரல் போகாமல் காக்கும் பேச்சுக்குக் காப்பீடு கிடையாது. இந்த இடைவெளியில்தான் நம் தோழர் நிற்கிறார். ஏற்கெனவே இந்த நாட்டில் மருத்துவத்துக்கு ஆகும் மொத்தச் செலவில், 2021-22 கணக்குப்படி, நூற்றுக்கு நாற்பது ரூபாய்க்குச் சற்றுக் குறைவாக மக்கள் தங்கள் கையிலிருந்துதான் கொடுத்தார்கள். எப்படியும் கொடுக்கிற காசுக்கு எதை வாங்குகிறோம் என்பதுதான் கேள்வி.

நம்மிடம் முன்மாதிரி இருக்கிறதா? இருக்கிறது. 1954-ல் சென்னை ராயபுரத்தில் பேராசிரியர் எம். விசுவநாதன் ஒரு மருத்துவமனையைத் தொடங்கினார்; பின்னர் அது சுகர் நோய்க்கென்றே ஆன மருத்துவமனையாயிற்று. பணக்காரர் பகுதியில் தொடங்கவில்லை. உழைக்கும் மக்கள் நெருங்கி வாழும் வடசென்னையில் தொடங்கினார். உணவை மருந்தாகக் கொண்டு, நம் ஊர்ச் சாப்பாட்டை வைத்தே நார்ச்சத்து மிகுந்த உணவுமுறையை வலியுறுத்தினார். நான் சற்று முன் சொன்ன ராமச்சந்திரனின் முதல் ஆய்வும் அந்த ராயபுரத்து வளாகத்தில் பிறந்ததுதான். ஒரே நோயை எடுத்துக்கொண்டு, அதைப் பொறுமையோடு பார்க்கும் தனியார் மருத்துவம் தமிழ்நாட்டில் பல பத்தாண்டுகளாக நிற்கிறது.

அதே 1954-ல்தான் இன்னொன்றும் நடந்தது. மாய மருந்து விளம்பரங்களைத் தடுக்கும் மத்தியச் சட்டம் வந்தது. இன்னின்ன நோயைக் குணமாக்குவோம் என்று விளம்பரம் செய்யக் கூடாது என்று பட்டியலிட்ட அந்தச் சட்டத்தில் சுகர் இருக்கிறது, பிரஷர் இருக்கிறது, உடல் பருமனும் இருக்கிறது. "தொண்ணூறு நாளில் சுகருக்கு விடை" என்று பல்லாயிரம் ரூபாய்க்குப் பேக்கேஜ் விற்பவர்களை நினைத்துப் பாருங்கள். எடையைக் கணிசமாகக் குறைத்தால் சிலருக்கு மாத்திரை இல்லாமலே சுகர் அடங்கும் என்பது உண்மை. பிரிட்டனில் சாதாரண குடும்ப மருத்துவர்களின் கிளினிக்குகளில் நடந்த ஆய்வில் ஓராண்டில் 46 சதவீதம் பேருக்கு அப்படி அடங்கியது. இரண்டாம் ஆண்டில் அது 36 ஆகக் குறைந்தது. நேர்மையான டாக்டர் இரண்டு எண்ணையும் சொல்வார். முதல் எண்ணை மட்டும் பலகையில் எழுதுகிறவரிடம் போகாதீர்கள்.

இப்போது காசைப் பற்றிப் பேசுவோம். தயங்காமல் பேசுவோம். வண்ணாரப்பேட்டையில் ஐந்து ரூபாய் டாக்டர் என்று மக்கள் கொண்டாடிய ஜெயச்சந்திரன் இருந்தார். கோவையில் இருபது ரூபாய் டாக்டர் என்று அழைக்கப்பட்ட பாலசுப்பிரமணியம் இருந்தார். அவர்கள் மறைந்தபோது ஊரே கூடி அழுதது. வணங்கத் தக்க மனிதர்கள். ஆனால் எல்லா இளம் டாக்டரையும் அந்த அளவுகோலால் அளப்பது நியாயமா?

ஒரு கணக்குப் போடுவோம். என் கணக்கு, உத்தேசக் கணக்கு. முதல் முறை அரை மணி, அடுத்தடுத்த முறை கால் மணி என்று ஆளுக்குச் சராசரியாக இருபது நிமிடம், நாளைக்கு ஆறு மணி நேரம் என்றால் பதினெட்டுப் பேர். தலைக்கு இருநூறு ரூபாய் என்றால் 3,600. மாதம் இருபத்தைந்து நாள், தொண்ணூறாயிரம். வாடகை, நர்ஸ் சம்பளம், உதவியாளர் சம்பளம், கரண்ட், மற்றது என்று ஐம்பத்தைந்தாயிரம் போனால் மிச்சம் முப்பத்தைந்தாயிரம். பத்தாண்டு படித்து, கடனோடு வந்தவர் இதில் எப்படிக் குடும்பம் நடத்துவார்? இங்கேதான் லேப் கமிஷன் வந்து கதவைத் தட்டுகிறது. ஸ்கேன் சென்டர் கவர் வருகிறது. எல்லைக்கு அந்தப் பக்கம் பெரிய ஆஸ்பத்திரிக்கு ஆள் அனுப்பினால் ஒரு தொகை என்று ஆசை காட்டப்படுகிறது. கட்டணம் இருநூறு என்று நாம் மகிழ்கிறோம். தேவையில்லாத டெஸ்ட்டில் இரண்டாயிரம் கொடுத்துவிட்டு வருகிறோம்.

2002-ஆம் ஆண்டின் மருத்துவ நெறிமுறை விதிகள் இதில் தெளிவாக இருக்கின்றன. நோயாளியை அனுப்பியதற்குக் கமிஷன் வாங்கவும் கூடாது, கொடுக்கவும் கூடாது. கட்டணத்தைச் சிகிச்சைக்கு முன்பே சொல்லிவிட வேண்டும். ஆகவே நான் கேட்பது புதுமை ஒன்றுமில்லை. முதல் முறை அரை மணி நேரம், இவ்வளவு. அடுத்தடுத்த முறை கால் மணி நேரம், இவ்வளவு என்று தமிழிலும் தெலுங்கிலும் கன்னடத்திலும் வாசலில் எழுதி வையுங்கள். ரசீது கொடுங்கள். ஐந்நூறு என்றால் ஐந்நூறு என்று வெட்கப்படாமல் எழுதுங்கள். கமிஷன் இல்லாத ஐந்நூறு, கமிஷனோடு வரும் இருநூறைவிட ஏழைக்குச் சகாயம்.

கட்டணத்தைக் குறைக்க நேர்மையான வழியும் உண்டு. சுகர் உள்ள பத்துப் பேரை ஒன்றாக உட்கார வைத்து ஒரு மணி நேரம் பேசலாம். தலைக்கு நூறு ரூபாய். அதே ஒரு மணி நேரத்தில் தலைக்கு இருநூறு வாங்கித் தனித்தனியாக மூன்று பேரைப் பார்த்தால் டாக்டருக்கு அறுநூறு, இதில் ஆயிரம். நோயாளிக்குப் பாதிச் செலவு. அதைவிடப் பெரிய லாபம், நைட் ஷிப்டில் சாப்பாட்டு டப்பாவில் சுண்டல் கொண்டுபோகும் ஒரு தொழிலாளி இன்னொரு தொழிலாளிக்குச் சொல்லும் யோசனை. மருத்துவப் படிப்பில் அது இல்லை. தனியாகப் பேச வேண்டியதைத் தனியாகப் பேச ஐந்து நிமிடம் ஒதுக்கிவிட்டால் போதும்.

மாதச் சந்தா முறையும் இருக்கிறது. அமெரிக்காவில் சியாட்டில் நகரில் 2007-ல் க்ளையன்ஸ் என்ற நிறுவனம் காப்பீட்டை ஒதுக்கிவிட்டு மாதக் கட்டணத்தில் குடும்ப மருத்துவம் நடத்தியது, பெரிய முதலீட்டாளர்கள் வந்தார்கள், கிளைகள் பெருகின, 2017-ல் மூடப்பட்டது. சந்தா வாங்குவதில் தவறில்லை. வேகமாகப் பெருக ஆசைப்படாமல், ஒரு டாக்டர் எத்தனை பேரைப் பெயர் சொல்லி அழைக்க முடியுமோ அத்தனை பேரோடு நிற்பதே நல்லது என்பது என் கருத்து.

கம்பெனி காசு கொடுக்க முன்வந்தால்? வாங்கலாம். ஒரே ஒரு நிபந்தனையோடு. தொழிலாளியின் சுகர் அளவும் பிரஷர் அளவும் எச்.ஆர். மேசைக்குப் போகக் கூடாது. ஒப்பந்தத் தொழிலாளிக்குச் சுகர் என்று தெரிந்தால் அடுத்த மாதம் அவர் பெயர் பட்டியலில் இருக்குமா என்ற பயம் இங்கே உண்மையானது. பயந்தவர் டாக்டரிடம் உண்மை சொல்ல மாட்டார். சங்கத் தோழர்களே, இந்த நிபந்தனையை நீங்கள் காவல் காக்க வேண்டும்.

ஆலை ஹாஸ்டல்களில் தங்கி வேலை பார்க்கும் நம் பெண்பிள்ளைகளை மறந்துவிடக் கூடாது. பத்தொன்பது, இருபது வயது. 2019-21 தேசியக் குடும்பநல ஆய்வின்படி தமிழ்நாட்டுப் பெண்களில் பாதிக்கு மேற்பட்டவர்களுக்கு இரத்தசோகை. இன்னும் சிலருக்கு மாதவிடாய் தள்ளிப்போகிறது, முகத்தில் முடி வளர்கிறது, எடை ஏறுகிறது. வீட்டில் சொல்ல முடியாது, சூப்பர்வைசரிடம் சொல்ல முடியாது. ஞாயிற்றுக்கிழமை மாலையில் திறந்திருக்கும், பெண் டாக்டர் இருக்கும் ஒரு சின்ன கிளினிக் அவர்களுக்கு எவ்வளவு பெரிய துணை! இப்போது எல்லாக் கிளினிக்கும் திறந்திருக்கும் நேரம் அவர்கள் வேலையில் இருக்கும் நேரம்.

ஒன்றை மட்டும் எச்சரிக்கையாகச் சொல்லிவிடுகிறேன். வாழ்க்கைமுறை நோய் என்று சொல்லிச் சொல்லி எல்லாப் பழியையும் நோயாளியின் தலையில் போட்டுவிடக் கூடாது. கிருஷ்ணகிரி, தருமபுரி நிலத்தடி நீரில் ஃப்ளூரைடு. பல்லும் எலும்பும் கெட்டன. அதற்கு அறிவுரையா தீர்வாயிற்று? ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் வந்துதான் நல்ல தண்ணீர் வந்தது. அப்படியே ஷிப்ட் முறையும் கேன்டீன் சாப்பாடும் தொழிலாளி தேர்ந்தெடுத்தவை இல்லை. நான்கு டீயில் இரண்டைச் சர்க்கரை இல்லாமல் கொடு, இரவுச் சாப்பாட்டில் ஒரு சுண்டலும் ஒரு காயும் வை என்று நிர்வாகத்திடம் கேட்பதும் மருத்துவம்தான். சின்ன கிளினிக் வைத்திருக்கும் டாக்டர் அந்தக் கடிதத்தையும் எழுத வேண்டும்.

இளம் மருத்துவர்களே! பெங்களூருக்கு நாற்பது கிலோமீட்டர்தான். போகிற பஸ் நிறைய. இருந்தாலும் பாகலூரிலும் சூளகிரியிலும் ராயக்கோட்டையிலும் ஒரு அறையை வாடகைக்கு எடுங்கள். கட்டணப் பலகையை வையுங்கள். கமிஷன் வாங்குவதில்லை என்று அதன் கீழே எழுதுங்கள். முதல் ஆறு மாதம் கூட்டம் வராது; பொறுத்துக்கொள்ளுங்கள்.

தோழர்களே, தாய்மார்களே! அப்படி ஒரு பலகையைப் பார்த்தால் உள்ளே போங்கள். நீங்கள் குடிக்கும் டீயின் எண்ணிக்கை, தூங்கும் நேரம், இந்த வார ஷிப்ட், போடும் எல்லா மாத்திரை, எல்லையின் இரண்டு பக்கத்து ரிப்போர்ட்டுகள் அத்தனையையும் ஒரு பையில் எடுத்துக்கொண்டு போங்கள். டாக்டர் கேட்காவிட்டாலும் நீங்களே சொல்லுங்கள்: "சார், எனக்கு இந்த வாரம் நைட் ஷிப்ட்."